அண்ணன் செருப்பைக் கழற்றிய வருடம்

என் அண்ணனுக்கு வலது காலில் மூன்று விரல்கள்தான் இருக்கின்றன. நாற்பத்தைந்து வயதுவரை ஐந்தும் இருந்தன. மற்ற இரண்டும் எப்படிப் போயின என்பதை எழுத உட்காரும்போதெல்லாம் கோபம் வந்து பாதியில் எழுந்துவிடுவேன். இந்த முறை கோபத்தோடே எழுதி முடித்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் வளர்ந்தவர்கள். ஷீட் போட்ட இரண்டு அறை வாடகை வீடு. அப்பா ஒரு தொழிற்சாலையில் பெயின்டர். எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது அப்பாவின் குதிகாலில் ஒரு புண் வந்தது. அவருக்குச் சர்க்கரை இருப்பது அவருக்கே தெரியாது. அம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டினாள். அக்கம்பக்கத்தார் சொன்ன பச்சிலை ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. சர்ச்சில் ஜெபித்தார்கள். கடைசியில் ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது கால் முட்டிவரை கறுத்திருந்தது. நாலாம் நாள் போய்விட்டார். எங்கள் வீட்டில் அப்போது ஃப்ரிட்ஜ் கிடையாது, போன் கிடையாது, கேஸ் அடுப்பு கிடையாது. அப்பா தினமும் வேலைக்கு நடந்தே போவார், நடந்தே வருவார். ராகிக் களி சாப்பிட்டார். எளிய வாழ்க்கையைப் பற்றி யாராவது உருகிப் பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் காலின் நாற்றம்தான்.

அண்ணனுக்கும் அது நினைவிருக்க வேண்டும். அப்பாவை ஆட்டோவில் தூக்கி உட்கார வைத்ததே அவன்தான். அதனால்தான் எனக்கு இத்தனை கோபம்.

அவன் படித்தான். ஒயிட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குப் போனான், மேலே மேலே போனான். அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே ஒன்பதாவது மாடியில் வீடு. பக்கம் என்றால் நான்கு கிலோமீட்டர், காரில் ஐம்பது நிமிஷம். காலையில் இந்தியாவோடு பேசுவான், மாலையில் லண்டனோடு, சாப்பிட்ட பிறகு அமெரிக்காவோடு. காதில் மாட்டிய கருவியை அவன் கழற்றி நான் பார்த்தது அபூர்வம். அண்ணி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. "உங்க அண்ணன் கூட பேசணும்னா நானும் மீட்டிங் போட்டுத்தான் பேசணும்" என்பாள். சிரித்துக்கொண்டு சொல்வாள், ஆனால் வேடிக்கைக்குச் சொல்ல மாட்டாள்.

முப்பத்தேழு வயதில் அவனுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. மாத்திரையில் ஆரம்பித்து, நாற்பத்திரண்டில் இன்சுலின் ஊசிக்கு வந்தான். ஒருமுறை உடம்பு முழுக்கப் பரிசோதனை செய்தார்கள். வைட்டமின் டி இருக்க வேண்டியதில் கால்வாசிகூட இல்லை. இத்தனை வெயில் அடிக்கிற நாட்டில் வெயிலை மாத்திரையாக வாங்கி விழுங்குகிறவன் ஆனான். பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது, செருப்பில்லாமல் ஓரடி நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். பதினெட்டு வருடமாக அதே வேலை. அவனுடைய ரிப்போர்ட்டுகளை அவனுக்கு முன்னால் நான்தான் பார்ப்பேன். "மனுஷன் உடம்பு இதுக்குப் பண்ணது இல்லமா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னான். "நாற்காலில உக்காந்து கம்ப்யூட்டரப் பாத்துட்டே இருக்கறதுக்கா இந்தக் கையும் காலும்?" சரிதான் என்றேன். இப்போதும் சரிதான் என்கிறேன். அதில் எனக்கும் அவனுக்கும் சண்டை இல்லை.

சண்டை அந்த மனிதரால் வந்தது.

அண்ணன் வீட்டு அபார்ட்மென்ட்டில் ஒரு கூட்ட அறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே 'இயற்கை வாழ்வு' என்று ஒரு வட்டம் கூடத் தொடங்கியது. நடத்துகிறவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். ஒரு பெரிய நிறுவனத்தில் உயர்ந்த பதவியில் இருந்தவர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓசூரைத் தாண்டித் தளி ரோட்டில் பண்ணை வாங்கி மண் வீடு கட்டிக்கொண்டவர். கதர்ச் சட்டை, வெறுங்கால், நல்ல குரல். தமிழர். அண்ணனுக்கு அதுவும் ஒரு ஈர்ப்பு.

"ஒரு தடவ வந்து கேளு. அப்புறம் பேசு" என்று அண்ணன் கூப்பிட்டான். பொம்மனஹள்ளியில் இருந்து இரண்டு பஸ் மாறிப் போனேன். முப்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேருக்குத் தரையில் உட்காரத் தெரியவில்லை, முதுகுக்குத் தலையணை வைத்திருந்தார்கள். அவர் கொஞ்சம் ஆங்கிலத்திலும் கொஞ்சம் தமிழிலும் பேசினார்.

"காட்டுல எந்த மிருகத்துக்காவது சுகர் இருக்கா? பி.பி. இருக்கா? எந்த மான் மாத்திரை சாப்பிடுது?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

"நாய்க்கு சுகர் வரும் சார்."

"வரும்மா. ஏன்னா அது மனுஷங்களோட இருக்கு."

அதற்கும் சிரித்தார்கள். அவரிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது. மானுக்குக் கால் ஒடிந்தால் என்ன ஆகும் என்று கேட்க நினைத்தேன். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கிடந்து சாகும், இல்லாவிட்டால் ஏதாவது வந்து தின்னும். அண்ணன் என் முழங்கையைத் தொட்டான். கையை இறக்கிக்கொண்டேன்.

அண்ணன் மாறினான். வேகவைக்காத காய், பழம், ஊறவைத்த கடலை, மண்பானைத் தண்ணீர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பண்ணைக்குப் போய்விட்டு ஞாயிறு இரவு திரும்பினான். மண்ணைப் பாதம் தொட வேண்டும் என்று அவர் சொன்னதால் செருப்பைக் கழற்றினான். அபார்ட்மென்ட்டின் பார்க்கிலும் வெறுங்காலோடு நடந்தான். உடம்பு இளைத்தது, முகம் தெளிந்தது. ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும்: அவன் சந்தோஷமாக இருந்தான். பல வருடம் கழித்து ஈஸ்டர் அன்றைக்கு என் வீட்டுக்கு வந்து, மூன்று மணி நேரம் உட்கார்ந்து, என் மகளோடு கேரம் ஆடினான். காதில் எதுவும் மாட்டவில்லை. அவன் சிரிப்பதைப் பார்த்து நான் சமையலறையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"சுகர் எவ்ளோ இருக்குண்ணா?" என்று கேட்டேன்.

"இறங்கிட்டே இருக்கு."

"ரிப்போர்ட் எங்க?"

"அந்த நம்பரப் பாத்துப் பாத்துதான் பாதி வியாதிமா. உடம்பு நல்லாருக்கு. உடம்பே சொல்லுது."

உடம்பு சொல்லாது. அதற்குத்தானே நான் காலை ஏழு மணியிலிருந்து ஊரார் ரத்தத்தைக் குழாயில் போட்டு மெஷினில் சுற்றவிடுகிறேன். உடம்பு சொல்லும் என்றால் அப்பாவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். இதையெல்லாம் அவனிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். விரலில் ஒரு ஊசி குத்திப் பார்த்திருக்கலாம், மீட்டர் என் பையிலேயே இருந்தது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான், கெடுக்க மனம் வரவில்லை. அதன் பிறகு ஏழு வாரம் நான் அவனைப் பார்க்கவில்லை. ஒரே ஊரில் இருக்கிறோம். எனக்கு ஷிப்ட், மகளுக்குப் பரீட்சை, அவரவருக்கு ட்ராஃபிக். ஏழு வாரத்தில் எத்தனையோ பேருடைய ரத்தத்தைப் பார்த்தேன், அவனுடையதைப் பார்க்கவில்லை. இந்தக் கதையில் நான் கோபப்படுகிறவர்களில் நானும் ஒருத்தி.

அந்த ஏழு வாரத்துக்கும் முன்பிருந்தே அவன் மாத்திரையையும் இன்சுலினையும் நிறுத்தியிருந்தான். அண்ணிக்குக்கூடத் தெரியாது. ஃப்ரிட்ஜில் இன்சுலின் குப்பி இருந்துகொண்டே இருந்தது. அது தீராமல் இருப்பதை அவளும் கவனிக்கவில்லை.

ஜூன் மாதம் ஒரு வாரம் லீவு போட்டு அவன் பண்ணையிலேயே தங்கினான். அந்தச் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அண்ணி போன் செய்தாள்.

"பண்ணைல இருந்து ஒரு அம்மா பேசினாங்க. அவரு நேத்துலேருந்து வாந்தி எடுக்கறாராம். கால் ஒரு மாதிரி இருக்காம். நான் கேப்ல வரேன், சில்க் போர்டு கிட்ட ஏறிக்க."

"அண்ணன் பேசினாரா?"

"இல்ல. அங்க போனெல்லாம் பெட்டில போட்டுப் பூட்டிருவாங்களாம். அந்தம்மாதான் எப்படியோ எடுத்துப் பேசறாங்க. ரகசியமா பேசற மாதிரி பேசினாங்க."

அத்திப்பள்ளி தாண்டி, ஓசூர் தாண்டிப் போகிறவரை அண்ணி அவன் போனுக்கே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தாள். பண்ணை அழகாகத்தான் இருந்தது. மாமரங்கள், ஒரு குட்டை, செம்மண் பாதை, வரிசையாக மண் வீடுகள். மரத்தடியில் பதினைந்து பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்து மண் வீட்டில், கோரைப் பாயில், அண்ணன் கிடந்தான்.

உள்ளே காலை வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பதினோரு வயதில் முகர்ந்த நாற்றம். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான், ஓடி வந்தவன் மாதிரி. பழம் அழுகினாற்போல மூச்சில் ஒரு வாடை. வலது காலில் துணி சுற்றியிருந்தது. பிரித்தேன். கடைசி இரண்டு விரல்களும் கறுத்து, பாதம் வீங்கிப் பளபளத்தது. அடியில் ஒரு முள் குத்திய துளை. முள் எப்போது குத்தியதோ. அவனுக்கு வலித்திருக்காது. மண் பாதத்தோடு பேசும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், பாதத்துக்குக் காது போய் வருடமாகிறது.

விரலில் குத்தி மீட்டரில் வைத்தேன். அதில் எண் வரவில்லை. அளவுக்கு மேலே போனால் 'ஹை' என்று மட்டும் காட்டும். அதைக் காட்டியது.

அவர் உள்ளே வந்தார். நிதானமாக, எப்போதும் பேசுகிற குரலில் சொன்னார். "பயப்படாதீங்க. இத்தனை வருஷம் உள்ள போன விஷம் வெளிய வருது. மூணு நாள் கஷ்டமாத்தான் இருக்கும். நாங்க பாத்திருக்கோம்."

"என்ன பாத்திருக்கீங்க?"

"இந்த மாதிரி வந்து, சரியாப் போனவங்கள."

"கார்ல தூக்கிப் போடணும். கால் பக்கம் பிடிங்க."

"அம்மா, நீங்க இப்ப இருக்கற மனநிலைல…"

"கால் பக்கம் பிடிங்க சார்."

அவர் பிடிக்கவில்லை. பிடித்தது வாசலில் நின்றிருந்த ஒரு அம்மாள். நாற்பத்தெட்டு ஐம்பது வயது, சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டு, சேலையைத் தூக்கிச் சொருகியிருந்தாள், கையெல்லாம் சாணம். பண்ணையில் மாடு பார்க்கிறவள். அவளும் டிரைவரும் நானுமாகத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின் சீட்டில் போட்டோம். அண்ணி தலையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

"நீங்கதான் போன் பண்ணீங்களா?" என்று அந்த அம்மாளிடம் கேட்டேன்.

அவள் அவர் இருக்கும் பக்கம் ஒருதடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஆமாம்மா. வூட்டப் பெருக்கப் போனேன், காலப் பாத்தேன். எங்க வூட்டுக்காரருக்கு இப்படித்தான் ஆச்சு. அவுரு இல்ல இப்ப. சாவி இருக்கற எடம் தெரியும், போன எடுத்தாந்து சாரோட விரல வச்சுத் தொறந்தேன். மேல இருந்த நம்பர அமுக்கினேன்."

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது இது சுகர்னு?"

"எனக்கும் இருக்குதும்மா. மாசம் ஒருக்கா நர்சம்மா வூட்டாண்டயே வந்து மாத்திர குடுத்துட்டுப் போவாங்க. ரெண்டு வேளையும் முழுங்கிடுவேன். வுட்டா யாரு மாட்டப் பாக்கறது?"

கார் கிளம்பியது. அதற்கு மேல் அவளிடம் பேச முடியவில்லை. ஆனால் ஓசூர் ரோட்டில் மருத்துவமனை வருகிறவரை அவள்தான் என் மனதில் இருந்தாள். பிறந்ததிலிருந்து மண்ணில் நடக்கிறவள் அவள். களி தின்கிறவள், விடிவதற்கு முன் எழுந்து இருட்டியதும் படுக்கிறவள். அவர் சொல்லும் இயற்கை வாழ்வை அந்த நாற்பது ஏக்கரில் உண்மையாக வாழ்ந்துகொண்டிருந்தது அவள் ஒருத்திதான், ஒரு நாளும் தவறாமல் மாத்திரை போட்டுக்கொண்டு. அவளிடம் ஒருவரும் வந்து உட்கார்ந்து கேட்கவில்லை. சாணம் அள்ளினவளை விட்டுவிட்டு, சாணம் மெழுகின தரையில் உட்கார்ந்து பேசுகிறவரைக் கேட்டார்கள்.

அண்ணன் ஐந்து நாள் தீவிர சிகிச்சையில் இருந்தான். மூன்றாம் நாள் இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கணுக்காலுக்குக் கீழே எடுத்திருப்பேன் என்றார் அறுவைச் சிகிச்சை டாக்டர். இரண்டு நாள் போயிருந்தால் என்ன என்று நான் கேட்கவில்லை.

ஆறாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். ஏழாம் நாள் மதியம் நான் அவனுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போகிறேன், கட்டிலுக்குப் பக்கத்தில் முதுகுப் பையோடு ஓர் இளைஞன் நிற்கிறான். அண்ணனின் மடியில் லேப்டாப். இடது கையில் டிரிப் ஏறுகிறது, வலது கையால் தட்டிக்கொண்டிருக்கிறான்.

"என்ன இது?"

"ஒரே ஒரு அப்ரூவல்மா. நான் குடுத்தாத்தான் போகும்."

அந்தப் பையன் ஆபீஸிலிருந்து பைக்கில் கொண்டுவந்திருக்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, மிரண்டுபோய் நின்றான். அண்ணனின் போனில் மேலாளர் காத்திருந்தார். போனை நான் வாங்கினேன்.

"மேடம், டென் மினிட்ஸ் மட்டும்தான்" என்றார், கன்னடம் கலந்த தமிழில். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. ஃப்ரீயா இருக்கேன்னு அவரே சொன்னாரு, அதான்."

"அவரு ஃப்ரீயாதான் சார் இருக்காரு. ரெண்டு விரல் வெட்டினதால கொஞ்சம் ஃப்ரீ."

"சாரி மேடம், அவ்ளோ சீரியஸ்னு தெரியாது" என்றார். தெரியும். லீவு விண்ணப்பத்தில் அண்ணி எழுதி அனுப்பியிருந்தாள். நான் லேப்டாப்பை மூடி அந்த இளைஞனின் பையில் வைத்து, "கொண்டு போப்பா" என்றேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை. வேலையின் நடுவே புகுந்தவளைப் பார்க்கிற பார்வை. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. கண்ணாடிக் கட்டடத்தில் அவனை உட்கார வைத்தவர்களும் வெறுங்காலோடு நடக்க விட்டவர்களும் ஒரே விஷயத்தைத்தான் அவனிடம் எதிர்பார்த்தார்கள்: உடம்பு ஒன்று இருப்பதை மறந்துவிட வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்ட அறைக்குப் போனேன். அண்ணி தடுத்தாள், போனேன். அதே முப்பது பேர், அதே தலையணைகள். அவர் பேசி முடிக்கும்வரை சுவரில் சாய்ந்து நின்றேன். பிறகு கேட்டேன்.

"சார், எங்க அண்ணனுக்கு ரெண்டு விரல் போச்சு. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. ரொம்ப வருத்தமா இருக்கு. தினமும் அவருக்காகத் தியானம் பண்றோம்."

"இன்சுலின நிறுத்தினது யாரு சொல்லி?"

"நான் யாருக்கும் மருந்த நிறுத்துன்னு சொன்னதே இல்ல. இங்க யாரையாவது கேளுங்க. அவங்கவங்க உடம்பு அவங்கவங்களுக்குச் சொல்லும்னுதான் சொல்வேன்."

சுற்றிலும் தலைகள் ஆடின. உண்மைதான், அவர் நிறுத்து என்று சொன்னதில்லை. மானுக்கு மாத்திரை உண்டா என்றுதான் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரிக்க வைத்தார். யாருடைய கையையும் பிடித்து முள்ளில் வைக்கவில்லை, செருப்பைக் கழற்றச் சொன்னார், அவ்வளவுதான். அந்த மனிதர் பொய்யர் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. நம்பிக்கொண்டுதான் சொல்கிறார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

முன் வரிசையில் ஒருவர் ஆங்கிலத்தில், இங்கே எதிர்மறையான பேச்சு வேண்டாமே என்றார்.

நான் தமிழிலேயே பேசினேன், புரிந்தவர்களுக்குப் புரியட்டும் என்று. "எங்க அப்பா இயற்கையாதான் செத்தாரு. மஞ்சள், வேப்பிலை, பச்சிலை, எல்லாம் இயற்கை. அப்ப எங்களுக்கு வேற எதுவும் தெரியல. உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் இங்க வந்து உக்காந்து, தெரியாதவங்க மாதிரி இருக்கறதுக்கு ஆசப்படறீங்க. உங்க பண்ணைல மாடு பாக்கற அம்மா தினமும் ரெண்டு வேளை சுகர் மாத்திரை சாப்பிடறாங்க. நாளைக்கு அவங்க கிட்ட போய்க் கேளுங்க எது இயற்கைன்னு."

சொன்ன பிறகுதான் உறைத்தது, அந்த அம்மாளைக் காட்டிக்கொடுத்துவிட்டேனோ என்று. போன் பெட்டியை அவள் திறந்ததைச் சொல்லவில்லை, ஆனாலும் மனசு பேஜாராகிவிட்டது. வெளியே வந்து லிஃப்டுக்கு நின்றேன். பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள், அந்த அறையில் இருந்தவள்தான். கதவு திறந்ததும் கேட்டாள்.

"நீங்க லேப்ல வேலை செய்யறீங்கன்னு உங்க அண்ணன் சொல்லியிருக்காரு. என் ஹஸ்பண்ட் பி.பி. மாத்திரைய விட்டு ரெண்டு மாசம் ஆச்சு. எங்க காட்டறது?"

சொன்னேன். அவர் போய்க் காட்டினாரா தெரியாது. மாடு பார்க்கும் அம்மாளை மட்டும் இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வேலையில்தான் இருந்தாள். "எம் மேல எதுக்குக் கோவம் வரப்போவுது? நான் இல்லன்னா அவருக்குப் பால் ஏது" என்றாள். மூன்று மாத சராசரிச் சர்க்கரைக்கு ஒரு குழாய் ரத்தம் எடுத்துவந்து பார்த்தேன். என் அண்ணனுக்குக் கடந்த எட்டு வருடத்தில் ஒருதடவைகூட அவ்வளவு நல்ல எண் வந்ததில்லை.

அண்ணன் வீட்டுக்கு வந்ததும் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் கூட்ட அறையில் பேசியது அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் சுற்றி அவன் காதுக்கு வந்துவிட்டது. ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு ஒரு மாலை, கட்டு மாற்ற நான் போனபோது, அவனே ஆரம்பித்தான்.

"மானத்த வாங்கிட்ட."

"உயிர வாங்கப் பாத்தவர விட்டுட்டு என்னைக் கேக்கறியா?"

"அவரு ஒண்ணும் பண்ணல. நான்தான் நிறுத்தினேன்." காலை நீட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தே பேசினான். "நீ நெனைக்கற மாதிரி நான் பழத்துக்கும் மண்ணுக்கும் அங்க போகலமா. மொத நாள் போன வாங்கிப் பெட்டில வச்சாங்க பாரு, அன்னிக்கு ராத்திரி படுத்தா, யாரும் என்னைக் கூப்பிடல. ரெண்டு நாள் ஒருத்தரும் கூப்பிடல. இருபது வருஷத்துல மொத தடவ. அதுக்காகப் போனேன். அவரு என்ன சொன்னாலும் கேட்டிருப்பேன். மாத்திரைய விடுன்னா விடுவேன், தலைகீழா நில்லுன்னா நிப்பேன்."

நான் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"நீ வந்து என்னைக் காப்பாத்தின. சரி. காப்பாத்தி எங்க கொண்டுவந்து விட்ட? அதே நாற்காலிக்கு. இப்ப சொல்லு, நான் எங்க போய் இருக்கறது?"

பதில் இல்லாதபோது எனக்குக் கோபம்தான் வரும், அன்றைக்கும் வந்தது. "மொதல்ல செருப்பப் போடு" என்று அதட்டிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவன் கேட்டதையே நினைத்தேன். ஒரு மனிதன் இரண்டு நாள் யாரும் கூப்பிடாமல் இருப்பதற்கு மாநில எல்லை தாண்டிப் போய் ஒளிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஒளிய இடம் தருகிறவன் என்ன கேட்டாலும் கொடுத்துவிடுகிறான், விரலைக்கூட. இன்சுலினில் எந்தச் செயற்கையும் எனக்குத் தெரியவில்லை. குழாயில் வரும் தண்ணீரிலும் தெரியவில்லை. இப்படி ஒளிய வேண்டியிருப்பதில்தான் தெரிகிறது.

இப்போது அவன் ஊசி போட்டுக்கொள்கிறான். அவனுக்கென்று அளவெடுத்துச் செய்த செருப்பு இருக்கிறது. ஆபீஸில் சண்டை போட்டு, ஏழு மணிக்கு மேல் அழைப்புகள் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டான். அவர்கள் அவனை ஒரு சின்னக் குழுவுக்கு மாற்றிவிட்டார்கள், இனி மேலே போக முடியாது என்பதை நாகரிகமாகச் சொல்லும் முறை அது. பண்ணைக்காரரை அவன் இன்னும் திட்டவில்லை. அவருடைய வட்டம் இன்னும் கூடுகிறது. நாற்பது பேர் ஆகிவிட்டார்கள் என்று அண்ணி சொன்னாள்.

சாயங்காலம் அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நடக்கிறானா என்று பார்க்கத் தினமும் ஆறரைக்கு நான் போன் செய்கிறேன். போன வாரம் ஒருநாள் எடுத்ததும் சொன்னான்.

"ஆபீஸ்காரங்க விட்டுட்டாங்க. நீ ஆரம்பிச்சுட்டியா?"

"நடந்தியா இல்லயா?"

"நடந்துட்டுதான் இருக்கேன். நீ கூப்பிட்டதும் நின்னுட்டேன்."

போனை வைத்துவிட்டேன். எரிச்சலாக இருந்தது, அவன் மேலா என் மேலா என்று தெரியவில்லை. மறுநாள் ஆறரைக்கு மறுபடியும் கூப்பிட்டேன்.